சிக்காதவள்

“சைபர் செக்யூரிட்டின்னா என்ன? நம்ம டெஸ்பாட்ச் கிளார்க் மேடத்தைப் பாருங்க. அதுதான்,” என்றார் பூட்டு சார், ஊழியர் கூட்டத்தில்.

கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல நாற்பது ஸ்லைடு போடுகிறவர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். மூன்றிலும் அவரேதான் விறைப்பாக நின்றார்.

போலி மெயில்களைத் தாமே தயாரித்து அனுப்பி, ஊழியர்களை ஆழம் பார்ப்பது அவர் வழக்கம். பரிசு விழுந்திருக்கிறது, பதவி உயர்வு வந்திருக்கிறது என்று தூண்டில் போடுவார். மூன்று முறை கிளிக் செய்து சிக்கினால் வேலை காலி. கிளார்க் போன வருடமே இரண்டு முறை சிக்கியவள். வேலை போனால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு போகும். அதுவும் போனால், மாற்றுக் கிட்னிக்குப் பதிந்துவிட்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கும் கணவனின் பாடு அதோகதிதான்.

இந்த வருடம் அவள் ஒன்றில்கூட விழவில்லை என்றும், பழைய இரண்டு தவறுகளும் மன்னிக்கப்பட்டன என்றும் அறிவித்து, சான்றிதழ் ஒன்றை நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி அவர் அறைக்குப் போனாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். பரிசு, இன்க்ரிமென்ட்னு எதை வேணா அனுப்புங்க. நேத்து மத்தியானம் அனுப்பினீங்களே, அந்த மாதிரி மட்டும் இனிமே வேணாம். கிளிக் பண்ணத்தான் போனேன். ‘திருடன் உங்க வீட்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுதான் எழுதுவான்’னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அழிச்சிட்டேன்.”

“எந்த மெயில்மா?”

“என் வீட்டுக்காரருக்கு கிட்னி கிடைச்சிருச்சு, ரெண்டு மணி நேரத்துல பதில் சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு. தெரியாத நம்பரை நான் எடுக்கிறதில்லைங்கிறதைக்கூடத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, நாலு தடவை போன் பண்ணோம்னு வேற போட்டிருந்தீங்க. நல்ல வேளை, ஏமாறலை.”

பூட்டு சார் கம்ப்யூட்டரில் தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

“இந்த மாசம் நாங்க இன்னும் எதுவுமே அனுப்பலையேம்மா.”