சாக்லேட் கார்ன்ஃப்ளேக்ஸ்

ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சையத் இப்ராஹிமுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். கடை நிறைய சாக்லேட் கார்ன்ஃப்ளேக்ஸ் இருந்தாலும், டப்பாவில் சர்க்கரை அளவைப் படித்துப் பார்த்து மனைவி சுபைதா எடுத்துத் தரும் ஓட்ஸ்தான் அவருக்குக் காலை உணவு.

"ஒரு நாளைக்காச்சும் அந்தச் சாக்லேட்டைக் குடு, சுபைதா."

"சும்மா இருங்க. உங்க ஒடம்புக்கு நொம்ப கெடுதல்."

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஊருக்கு அழைத்து வந்த மறுநாள் காலை, அவர் கேட்காமலேயே சுபைதா சாக்லேட் கார்ன்ஃப்ளேக்ஸில் பால் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

இப்ராஹிமுக்குச் சிரிப்புத் தாளவில்லை. ஆசையாக இரண்டு வாய் சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு எத்தன நாளுன்னு சொன்னாரு, சுபைதா?"