ஆயிரம் வருஷம் கெடாது

“வழி விடுங்க! என் பையன்... கொஞ்சம் வழி விடுங்க!”

ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி ஓடிவந்தார் அந்த அப்பா. எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ரொம்பப் பின்னால், அவசரமே இல்லாமல் வந்தாள் அவர் மனைவி.

ஆய்வுக்கூடக் கதவைத் திறந்த டெக்னீஷியன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு குப்பி.

“இதுக்கு எதுக்கு சார் ஐஸ்? காய வச்ச டி.என்.ஏ. ஆயிரம் வருஷம் கெடாது.”

“உனக்கென்னப்பா, சொல்லுவே. பதறுறது எனக்குத்தானே!”

விபத்தில் போய்விட்ட ஒரே மகனின் பேச்சு, பாட்டு, சிரிப்பு எல்லாவற்றையும் செயற்கை டி.என்.ஏ.வில் சங்கேதமாகப் பதிந்து, இதே டெக்னீஷியன்தான் போன வருஷம் அந்தக் குப்பியில் அடைத்துக் கொடுத்தான். இப்போது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து போன், கம்ப்யூட்டர் எல்லாம் நாசம். அலமாரி உச்சியில் இருந்த குப்பி மட்டும் தப்பியது.

“உங்ககிட்ட ஒரு நகல்கூடவா இல்லை?”

“கொடுத்த கையோட அழிச்சிடணும் சார். சட்டம்.”

குப்பியைத் தொட்டதுமே மூடி கழன்று வந்தது. டெக்னீஷியன் புருவத்தைச் சுருக்கினான். “திறந்தீங்களா?”

“நானா? தூசி தட்டக்கூட பயப்படுவேன்பா.”

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதைப் படித்துக் குரலாக்கும் இயந்திரத்தில் ஏற்றினான். அப்பா உட்காரவில்லை. “அப்பான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்” என்று திரையிடமே கெஞ்சினார். மனைவி பக்கம் திரும்பிச் சீறினார்: “நீ என்னடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கே?”



இயந்திரம் ஓய்ந்தது. திரையில் எதுவும் இல்லை. மறுபடி ஓட்டினான். மறுபடியும் வெறுமை.

“கெட்டிருந்தாக்கூட துண்டு துண்டா ஏதாவது வரும் சார். இது... காலி.”

“ஆயிரம் வருஷம்னியேடா!” அப்பா அவன் சட்டையைப் பிடித்தார். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

“அவரை விடுங்க.” மனைவி எழுந்து வந்தாள். “தம்பி, குப்பியைக் கொடுத்தப்ப நீங்கதானே சொன்னீங்க, ஒரு சொட்டுத் தண்ணி விட்டாப் போதும், பையன் பேசுவான்னு?”

அன்று தேம்பிக்கொண்டிருந்தவளைத் தேற்ற, இயந்திரக் கதையெல்லாம் எதற்கு என்று டெக்னீஷியன் சுருக்கிச் சொன்னது அது.

“விட்டேன். காதுல வச்சுக்கிட்டு உக்காந்தே கிடந்தேன். பேசலை.”

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. “அந்தத் தண்ணியை என்ன பண்ணினே? கொட்டிட்டியா?”

“என் புள்ளையைக் கொட்டுவேனா? குடிச்சிட்டேன்.”