ஒரு கரண்டி நேர்ச்சை

1978 நவம்பர் 5, காலை பதினொரு மணி. ஜொஹராவின் வீட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள். அத்தனை பேரும் பார்க்க, அடுத்த வீட்டு ராபியா தன் மகள் ஹமீதாவின் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

நபிகள் புகழ்ப்பாட்டான மௌலூது ஓதி முடித்துப் பகிர்ந்த நேர்ச்சைப் பாயசம் அது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஜொஹராவுக்கு இது ஏழாம் மாசம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க ஓதியது.

பழவேற்காட்டில் நேர்ச்சையை வேண்டாம் என்று சொன்னவர்களே கிடையாது. தட்டிவிட்டவளை அன்றுதான் பார்த்தார்கள்.

"பெத்த புள்ளையா இருந்தா தட்டிவிடுவாளா?" என்றார் தெருவுக்கே மூத்தவரான பரக்கத் பீவி, எல்லாருக்கும் கேட்கும்படி.

ராபியா இரண்டாம் தாரம். ஐந்து வயது ஹமீதா மூத்தவளின் பிள்ளை. மூத்தவள் பிரசவத்தோடு போய்விட்டாள். அப்பா காஜா மைதீன் இறால் வியாபாரி. வாரத்தில் நாலு நாள் மெட்ராசில்.

"இறால் யாவாரி வூட்டுல பாலுக்குப் பஞ்சமா இன்னா? பால்காரி ரங்கம்மா தெனம் அவ வாசலைத் தாண்டித்தான் போறா. மூணு வருஷத்துல ஒரு ஆழாக்கு வாங்கினதில்லே. அந்தப் புள்ளை வரக்காப்பி குடிச்சே வளருது" என்று தொடர்ந்தார் பரக்கத் பீவி.

ராபியா தரையைத் துடைத்தாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு ஜொஹராவைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கக்கா. இவளுக்குப் பால் ஆகாதுன்னு பொன்னேரி டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனக்கும்தான் ஆகாது. ஒரு தம்ளர் குடிச்சா வயிறு கடமுடாங்குது, கொல்லைக்கு ஓடறேன். செத்தா பூட்டேன்?" என்றாள் ஜொஹரா.

பெண்கள் சிரித்தார்கள்.

"உனக்குச் செரிக்கலேக்கா. இவளுக்கு ஆகவே ஆகாது. ரெண்டும் வேற வேறன்னார் டாக்டர். நீ டீயில கொஞ்சம் ஊத்திக்கறே, ஒண்ணும் பண்றதில்லே. இவளுக்கு அந்தக் கொஞ்சமே போதும். போன தடவை உதடு வீங்கி, மூச்சு இழுத்து..."

"போதும்டி டாக்டரம்மா. புள்ளையக் கூட்டிக்கினு கெளம்பு" என்றார் பரக்கத் பீவி.

ராபியா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகப் பாயசச் சட்டியையே பார்த்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு ஜொஹராவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. தன் வயிற்றுப் பிள்ளைக்காக ஓதிய நேர்ச்சை. அதற்கு ஒரு பிள்ளை ஏங்கினால், அந்த ஏக்கம் யார் மேல் விழும்?

மூன்று மணிக்கு ராபியா குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். ஹமீதா வேலியோரம் நின்றிருந்தது.

"வாடி தங்கம்."

ஒரே ஒரு கரண்டிதான். ஒரு கரண்டிப் பால் தன்னை ஒன்றும் செய்ததில்லை என்பது ஜொஹராவுக்குத் தெரியும். பிஸ்மி சொல்லி, தன் கையால் ஊட்டினாள். பிள்ளை கரண்டியை நக்கிவிட்டுச் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் ராபியாவின் அலறல் கேட்டது. ஜொஹரா ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளையின் உதடு தடித்து, கண் மூடிப்போயிருந்தது. பொன்னேரி பஸ் அப்போதுதான் போயிருந்தது. ராபியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜொஹராவும் பின்னால் ஓடினாள்.

முதல் மைல் கல்லுக்குப் பக்கத்தில் ராபியா நின்றுவிட்டாள். அதற்கு மேல் ஓட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்தது. பால் ஆகாது என்று பொன்னேரி டாக்டர் அன்று சொன்னதைக் கூடவே இருந்து கேட்டவர் காஜா மைதீன். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"யார் குடுத்தது?"

ஜொஹரா எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ராபியா சொல்லிவிட்டாள்.

"நான்தான். டீக்குன்னு பால் வாங்கி வெச்சிருந்தேன். மறதியா அவளுக்கும் ஊத்திட்டேன்."

பால் வாங்காத கஞ்சப் பிசினாறி என்று மூன்று வருஷமாக ஏசிய பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். எந்தப் பால் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பரக்கத் பீவி.

கொல்லையில் தனியாக இருக்கும்போது ஜொஹரா ராபியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி பொய் சொன்னே? நான்தான்..."

"தெரியும். வாயில ஏலக்காய் வாசனை அடிச்சிச்சு."

"இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்."

"வேணாங்க்கா. உன் வயித்துல ஒண்ணு இருக்கு. ஊர் வாயில அதைப் போடாதே. மொதல்ல பொறக்கட்டும்."

அந்த வாரமே காஜா மைதீன் ராபியாவை ஆரம்பாக்கத்தில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

ஜொஹரா தன் கணவர் கௌஸ் மைதீனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

"அழாதே. புள்ளை பொறக்கட்டும். ஜமாத்துல நானே எழுந்து நின்னு உள்ளதைச் சொல்றேன். அந்தப் பொண்ணு மேல பழி நிக்கக் கூடாது."

1979 ஜனவரி 9-ஆம் தேதி ஜொஹராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் பிறகு, காஜா மைதீன் ராபியாவைத் தலாக் சொன்னது ஜமாத் நோட்டில் பதிவானது. காரணம்: பிள்ளையின் சாவுக்கு அவளே பொறுப்பு. சாட்சிக் கையெழுத்து இரண்டு. இரண்டாவது, கௌஸ் மைதீனுடையது.