பூட்டு மச்சான்

"சொந்த வீட்டு சர்வருக்குப் பாஸ்வேர்டு தெரியாதா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

கத்தரிக்கோலைத் தையல் மெஷின் மேல் டக்கென்று வைத்தாள் அவள். கணவர் தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது; அதுதான் சர்வர். குடும்பப் போட்டோக்கள், அவள் தைத்த கவுன்களின் படங்கள், பாப்பா பார்க்கும் கார்ட்டூன் எல்லாம் அதற்குள்தான். வீட்டு இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான் வந்து போகும். "நம்ம போட்டோ அடுத்தவன் கம்ப்யூட்டர்ல எதுக்கு?" என்று கணவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி. ஏழு வருஷமாகத் தூசு தட்டி, டிஸ்க் மாற்றி, இன்னொரு பிள்ளை மாதிரி வளர்க்கிறார். உறவுக்காரர்கள் அவரைப் பார்த்தாலே, "சர்வர், ரெண்டு காபி!" என்பார்கள்.

இன்று அவள் புதுப் படங்களை ஏற்றப் போனால், 'இடமில்லை' என்றது பெட்டி. பழையதை அழித்துக் கொடுங்கள் என்றால், பாஸ்வேர்டு தெரியாதாம்!

"சத்தியமா தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடி மாத்தியாச்சு. உன் தம்பிகிட்டதான் இருக்கு."

"யாரு, பூட்டுகிட்டயா?"

"ம்."

தம்பிக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் வைத்த பெயர் பூட்டு. எச்சில் கையால் காக்கா ஓட்ட மாட்டான். பள்ளிக்கூடத்தில் பென்சில் இரவல் கேட்டவனிடம், "எழுதினா தேயுமே" என்று சொன்னவன்.

"பெட்டியை உடைச்சாவது திறங்க."

"உடைச்சா பாப்பா பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணும் மிஞ்சாது. அப்படித்தான் பூட்டியிருக்கு. ஞாயித்துக்கிழமை அவன் வருவான், பொறு."

பெண்டாட்டியிடம் இல்லாத சாவி மச்சானிடம் இருக்கிறதென்றால், உள்ளே பெண்டாட்டி பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா?

யோசிக்க யோசிக்க எல்லாமே இடித்தது. ரெண்டு மாதம் முன்பு வரை குளியலறைக்குக்கூட போனோடுதான் போவார். போனால் முக்கால் மணி நேரம். கேட்டால் ஆபீஸ் வேலை. இப்போது என்னடாவென்றால் போனில் டேட்டாவே போடுவதில்லை. வீட்டு வைஃபை மட்டும்தான். கையில் எடுப்பார், வெறித்துப் பார்ப்பார், கவிழ்த்து வைப்பார். காரணமில்லாமல் எரிந்து விழுவார்.

யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள். கழற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் படமெல்லாம் அந்தப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். உண்மை தெரிய வேண்டும். இல்லையென்றால் பாப்பாவோடு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். துணிமணியெல்லாம் அடுக்கி ஊருக்குப் பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டாள்.

பூட்டு வந்தான். மாமாவின் லேப்டாப்பைத் திறந்தான்.

"மாமா, பால்கனிக்குப் போங்க. கதவைச் சாத்திக்குங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது."

நாற்பது வயது மனுஷன் மறுபேச்சில்லாமல் போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பி கைக்குட்டையால் கீபோர்டை மூடி, அதற்கடியில் விரலை விட்டுத் தட்டினான்.

"என்னடா நாடகம் இது? ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்துட்டு வந்தீங்களா?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் தண்ணி கொடேன்."

"நீயே போய்க் குடி."

அவன் அடுப்படிக்குப் போனதுதான் தாமதம், அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் 'தடை செய்தவை' என்று ஒரு பக்கம். டிவி, அவள் போன், பாப்பாவின் டேப்லெட், எதற்கும் தடையில்லை. ஒரே ஒரு போனுக்குக் கீழே மட்டும் நீளமான பட்டியல். அத்தனையும் சீட்டாட்டம். காசு வைத்து ஆடுகிற சீட்டாட்டம்.

அந்தப் போன் கணவருடையது.

"டேய், மாமா போனை யாருடா இப்படிக் கட்டிப் போட்டது?"

டம்ளரும் கையுமாக வந்த தம்பி திருதிருவென்று விழித்தான்.

"சொல்றியா, இல்லையா?"

"அவரேதான்க்கா. பட்டியலை அவரே போட்டார். போட்டுட்டு, 'நீ பாஸ்வேர்டை மாத்து, எங்கிட்ட சொல்லாதே'ன்னு எழுந்து போயிட்டார். நடுவுல மூணு தடவை போன்ல அழுதார்க்கா, ஒரே ஒரு நாள் திறந்து விடுன்னு. நான் விடலை."

ஒருத்தி இருந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் அவள் சீட்டுக்கட்டு ராணி.

நிம்மதியோடு சேர்ந்து அழுகையும் வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும்.

"ஏன்டா, அந்தப் பாஸ்வேர்டை எங்கிட்ட கொடுத்து வைக்கக் கூடாதா? என்னைவிட நீ நெருக்கமா அவருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'உங்க அக்கா என் முகம் வாடினா பொறுக்க மாட்டா மச்சான், கேட்டதும் கொடுத்துடுவா. நீதான் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்ட'ன்னார்."

பூட்டு இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

பால்கனிக் கதவு தட்டப்பட்டது. முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டித் தட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"மச்சான், முடிஞ்சுதா? திரும்பலாமா?"

அவள் கீபோர்டு மேல் கிடந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே இருங்க. இங்க கட்டி வச்ச ஒரு பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கு."