கடைசிக் கரண்டி

அந்தத் தேனை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டு பாட்டிலைக் கழுவிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நானும் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன். கிண்ணத்தைக்கூட எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவராவது காதில் வாங்கவேண்டுமே.

என் கணவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து தேனைக் கரண்டியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருக்கிறார். டீக்கே சர்க்கரை வேண்டாம் என்கிற மனிதர். ஒவ்வொரு வாய்க்கும் மருந்து குடிக்கிற முகம்.

பழைய தேன். உறைந்து கட்டிதட்டிப் போயிருக்கிறது. வெந்நீரில் நிற்க வைத்தும் ஓரத்தில்தான் கொஞ்சம் இளகியது.

எதிரே என் மகள். கையில் பசை டப்பா, முன்னால் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த இலைகள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

குளிர் தொடங்கி, பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருட்ட ஆரம்பித்ததும் எங்கள் ஜன்னலில் பாட்டில் விளக்கு வைப்போம். காலி பாட்டிலை ஊறவைத்து லேபிளை உரித்து, பிசுக்கை எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்து, வெளிப்பக்கம் இலைகளை ஒட்டி, உள்ளே ஒரு மெழுகுவத்தி. ஆளுக்கு ஒன்று.

சட்டம் என் மகளுடையது. யார் காலிசெய்கிறார்களோ, பாட்டில் அவர்களுடைய விளக்கு. எனக்குக் காபித்தூள் பாட்டில், அவளுக்கு ஜாம் பாட்டில். கிண்ணத்தில் கொட்டுவதெல்லாம் ஏமாற்று வேலையாம். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இவரை நான் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. ஜன்னலில் இவருக்கும் ஒரு விளக்கு உண்டா என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று பழகிய வாய், வீட்டுக்கு வந்தாலும் லேசில் திறக்காது.

ஆனால் ஆசை இருந்தது. காலையில் ரொட்டியில் பீனட் பட்டரைத் தடவித் தடவி ஒரு பாட்டிலைத் தனியாளாகக் காலிசெய்தார். கழுவி, லேபிளை உரித்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேசைமேல் வைத்தார். என் மகாராணி அதை எடுத்துத் துடைத்து, உள்ளே தன் பொத்தான்களைப் போட்டு மூடி, அறைக்குள் கொண்டுபோய்விட்டாள்.

அதற்காக அவளைத் திட்ட முடியுமா? தடியால் அடித்தா பழுக்கவைப்பது?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து இந்தத் தேன் பாட்டிலை எடுத்துத் துடைத்து இவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி.

"மிச்சத்தை நீங்க முடிச்சிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கிண்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன்.

இப்போது கரண்டி அடிக்கண்ணாடியைத் தட்டுகிறது. வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. என் மகள் இலைகளில் கிழியாததாகப் பார்த்துப் பொறுக்குகிறாள்.

கடைசிக் கரண்டி. வாய்வரை கொண்டுபோன கையை இவர் அப்படியே நிறுத்துகிறார். திகட்டிவிட்டது, பாவம் என்றுதான் நினைக்கிறேன்.

கரண்டியை அவள் பக்கம் நீட்டுகிறார்.

"இது நீ சாப்பிடும்மா. பாட்டில் உன்னோடதாவே இருக்கட்டும்."

இவருக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மேல் அலமாரியைச் சுத்தம் செய்யப் போய், கெட்டுப்போன தேன் என்று நினைத்து இதைக் குப்பையில் போட எடுத்தார். நான் இவரிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அவளைப் பெற்ற அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தேன் அது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், வந்து முடித்துத் தருகிறேன், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு மூடிவைத்தார். திரும்பி வரவில்லை. அந்த மூடியை நாங்கள் இருவரும் திறக்கவில்லை. சட்டப்படி அவரல்லவா காலிசெய்யவேண்டும். அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் எங்கள் ஜன்னலில் இரண்டு விளக்குகள்தான்.

என் மகள் கரண்டியையே பார்க்கிறாள். பிறகு பாதியை மட்டும் வாயில் வாங்கிக்கொண்டு, மீதியை இவர் பக்கம் தள்ளுகிறாள். இவர் சாப்பிடுகிறார். இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை.

நான் பேச்சை நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிறேன்.

அவள் எழுந்து உள்ளே போகிறாள். வரும்போது கையில் அந்தப் பீனட் பட்டர் பாட்டில். என் கையிலிருக்கிற கிண்ணத்தில் பொத்தான்களைக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலை அவள் அப்பாவின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

லேபிளை இவர் அப்போதே சுத்தமாக உரித்துவிட்டார். இலை ஒட்டவேண்டியதுதான் பாக்கி.