ஏழாம் நம்பருக்கு முப்பத்தாறு

திரைக்குப் பின்னால் டக், டக் என்று காலால் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது தட்டு. பள்ளிக்கூட வயலின் போட்டியில் நடுவர் நாற்காலியில் இருந்த மியூசிக் டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள். ஏழாம் நம்பர் தன் மகள்தான்.

வாசிக்கத் தொடங்கும் முன் இப்படித் தட்டுகிற பழக்கத்தை விடச் சொல்லி நாலு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டாள். "உனக்கு வயலின் கையில இருக்கா, கால்ல இருக்கா?" என்று போன மாதம்கூடக் கேட்டாள். எங்கே காதில் விழுந்தது?

திரை கட்டும் யோசனையே டீச்சருடையதுதான். போன வருடம் மகளுக்குப் பரிசு கிடைத்தபோது ஒரு மாணவியின் அப்பா, அத்தனை பேர் நடுவில், "டீச்சர் பொண்ணுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவள் நடுவராகவே இல்லை. ஆனால் அதை யார் காதில் வாங்கினார்கள்?

அதனால்தான் இந்த வருடம் திரை, பெயருக்குப் பதில் நம்பர், எல்லோருக்கும் பள்ளிக்கூடத்து வயலின் ஒன்றே. வரவேண்டிய நடுவர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, "அதான் திரை இருக்கே, நீங்களே உட்காருங்க" என்று தலைமையாசிரியை அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். முதலிடம் வரும் ஒரே ஒருவருக்கு இசைக் கல்லூரியில் இடம். படிப்பும் விடுதியும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு.

ஏழு வாசித்தது. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். வீட்டில் ஒரு நாள்கூட இவள் இப்படி வாசித்ததில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு என்றது மனசு. ஆனால் மேடையில் பெயரைப் படிக்கும்போது அந்த அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் மூடிய பேனாவைத் திறக்கத் தயங்கினாள். இந்தத் தடவை நடுவரும் அவளே. சும்மா விடுவார்களா?

முப்பத்தாறு என்று எழுதினாள்.

'என் மகளை அடையாளம் தெரிந்துவிட்டது, நான் விலகிக்கொள்கிறேன்' என்று எழுந்து போயிருக்கலாம். நேர்மையானவள் என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தச் சின்ன வழி மட்டும் கண்ணில் படுவதில்லை.

பதினொன்று வந்தது. தட்டும் இல்லை, தடுமாற்றமும் இல்லை; சுத்தமான வாசிப்பு. குருவியாக இருக்குமோ என்று நினைத்தாள். குருவி, தையல்காரரின் மகள், இவள் மகளுக்கு உயிர்த் தோழி. தனியாக வயலின் கற்றுக்கொள்ள வசதி கிடையாது. இரண்டு வருடமாகச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மகள் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க, மகளின் வயலினிலேயே பழகுகிறாள். டீச்சர் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் அவள் போயிருப்பாள்.

பதினொன்றுக்கு நாற்பத்தைந்து போட்டாள்.

முடிவு வந்தது. மற்ற இரண்டு நடுவர்களும் ஏழுக்குத்தான் அதிகம் போட்டிருந்தார்கள். டீச்சரின் முப்பத்தாறு அதைக் கவிழ்த்துவிட்டது. பலகையில் முதல் இடம் பதினொன்று என்றும், இரண்டாம் இடம் ஏழு என்றும் எழுதினார்கள். பெயர்களை அரை மணி நேரம் கழித்து மேடையில்தான் சொல்வார்கள்.

"இந்த வருஷம் ஒருத்தரும் விரல் நீட்ட முடியாது, டீச்சர்" என்று தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் சிரித்து வைத்தாள்.

மகளைத் தேடிப் போனாள். வாத்தியங்கள் வைக்கும் அறையில், தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள் மகள். டீச்சர் குனிந்து அவள் தலையைத் தடவினாள்.

"அழாதடி கண்ணு."

"அநியாயம்மா இது. ஏழுக்குத்தான் கிடைச்சிருக்கணும். கேட்டவங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும்டி."

"அப்புறம் எப்படிம்மா இப்படி ஆச்சு?"

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி மறைப்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

"நான்தான் மார்க்கைக் குறைச்சேன். காலைத் தட்டினதுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களேன்னு பயந்துட்டேன். அம்மாவ மன்னிச்சிடு."

மகளின் அழுகை சட்டென்று நின்றது.

"உனக்கு நான் இருக்கேன்டா. எப்பாடு பட்டாவது அந்தக் காலேஜ்ல சேர்த்துடுவேன். குருவிக்கு யாரு இருக்கா? பதினொண்ணு அவளாத்தான் இருக்கும். இதை விட்டா அவளுக்கு வேற வழியே இல்ல. அவ போகட்டும்."

வெளியே ஒலிபெருக்கியில், பரிசு பெறுகிறவர்களை மேடைக்கு அருகே வரச் சொல்லி அழைத்தார்கள். கைதட்டல் கேட்டது. மகள் எழுந்திருக்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டவே இல்லம்மா. நீ திட்டித் திட்டி, போன மாசமே அதை விட்டுட்டேன், நீதான் கவனிக்கல."

"பொய் சொல்லாத. என் காதால கேட்டேன். அப்படித் தட்டுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"என்கிட்ட கத்துக்கிட்டவ வேற எப்படித் தட்டுவா?"

மகள் மெதுவாகச் சொன்னாள்:

"பதினொண்ணு நான்மா. ஏழுதான் குருவி."