வால்வுப் பெட்டியின் இரைச்சல்

“இங்க வந்து உட்காரு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு” என்றார் கணவர்.

அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்பீக்கருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேசைமேல் அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன. பழைய சாமான் கடையில் எலிப் புழுக்கையோடு கிடந்ததைத் தூக்கி வந்து, மாசக்கணக்கில் துடைத்து, ஒயர் மாற்றி, கண்டென்சர் மாற்றி, அவர்தான் அதற்கு உயிர் கொடுத்தார். வீட்டில் சக்களத்தி இல்லாத குறையை அது தீர்த்து வைத்திருந்தது.

பாடத்தான் செய்தது. அதுவும் எதிரில் உட்கார்ந்து ஒருத்தி பாடுகிற மாதிரி. ஆனால் பாட்டு நின்றதும் அடியில் உம்மென்று ஓர் இரைச்சல் வருகிறது என்றார் அவர். உனக்குக் கேட்கிறதா என்றார்.

முதல் தடவை அவர் அப்படிக் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஆளை விட்டால் போதுமென்று, கேட்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றுதான்.

இரண்டாம் தடவை, முதல் தடவை சொன்னதற்காகச் சொன்னாள். அப்புறம் இல்லையென்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

அவரும் ஒவ்வொரு நாளும் ஒரு குற்றவாளியைப் பிடித்தார். இன்றைக்கு எர்த் ஒயர் என்றால் நாளைக்கு வால்வு. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று, கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என அவர்கள் வாசலிலேயே போய் நின்றார். அவர்கள் அணைத்தும் வைத்தார்கள். அன்றிலிருந்து இவளைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கத்தோடு சிரிக்கிறார்கள்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது, பயந்து பயந்து இவளே சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்து, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்ட வைத்துக் கேட்டாள். யாரோ தூரத்தில் மூச்சு விடுகிற அளவுக்கு ஏதோ இருந்தது. ஓரடி தள்ளி வந்தால் அதுவும் இல்லை. அவர் சொன்ன இரைச்சல் அதில் இல்லவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது. பெட்டியில் இல்லாத இரைச்சல் வேறு எங்கே இருக்க முடியும்?

அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். அத்தனை வாத்தியங்களும் ஒன்றாக முழங்கும்போதும், எந்தக் கம்பி முடியளவு தளர்ந்திருக்கிறது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவார். குடும்பம் சாப்பிடுவது அவர் காதை வைத்துத்தான். அந்த மனுஷருக்கு அதைத் தவிர வேறு பெருமையும் கிடையாது. அந்தக் காதில்தான் கோளாறு என்று எந்த வாயால் சொல்வாள்?

சொல்லாமல் இருப்பதும் லேசாக இல்லை. இவள் கேட்கிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் மூடியைக் கழற்றினார். ப்ளக்கைப் பிடுங்கி வைத்தாலும் கண்டென்சர்களுக்குள் ஆளைக் கொல்கிற கரண்ட் தேங்கி நிற்குமாம். அதை இறக்கிவிட்டு, இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால்தான் வேலை செய்வார். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தும் போன வாரம் ஒருமுறை தூக்கி அடித்தது. விரல் நுனியில் வெந்த தடம் இன்னும் ஆறவில்லை. அவர் என்னவோ சிரித்துக்கொண்டுதான் எழுந்தார். இவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குக் காலையில், இரைச்சல் இன்னும் இருந்தால் கரண்ட் ஓடும்போதே உள்ளே தொட்டுப் பார்த்துவிடுவது என்று சொல்லிவிட்டார்.

சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று அப்போதிலிருந்து அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். காது போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும்.

“நிதானமாக் கேட்டுச் சொல்லு. இரையுதா?”

கண்ணை மூடிக் கேட்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். குளியலறையில் குழாய் சொட்டியது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்துக் கண்ணைத் திறந்தாள்.

அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. டாக்டர் அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நின்றிருந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படியொரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததில்லை.

“இரையுதுங்க” என்றாள். “லேசா.”

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. மூடியைத் தொடவும் இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, அதன் ஒயரை இழுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

ஒயரின் நுனியில் செம்பு பளபளத்தது. அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் ஆம்ப்ளிஃபயர் வெந்துபோகும் என்பதால், அந்த இடத்தில் ஒரு கனத்த ரெசிஸ்டரை மாட்டி வைத்திருந்தார்.

அவளால் தலை நிமிர முடியவில்லை.

அவர் அவள் காலருகே தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கும் இரையுது” என்றார்.